நகர்வை எந்தக் கையிடம் ஒப்படைப்பது: கீபோர்டா, மவுஸா?

கோத்தகிரியைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "அண்ணா, நான் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கணினி விளையாட்டை ஆடுகிறேன். தொடக்கத்திலிருந்தே மவுஸால் தரையில் கிளிக் செய்துதான் நகர்ந்து பழக்கம். இப்போது அதிலேயே டபிள்யூ-ஏ-எஸ்-டி விசைகளால் நகரும் வசதி வந்திருக்கிறது. என் அணியில் உள்ளவர்கள் வேலரண்ட் என்ற துப்பாக்கி விளையாட்டை ஆடிப் பழகியவர்கள். கீபோர்டுக்கு மாறிவிடு என்கிறார்கள். நான் ஆடுவது மார்க்ஸ்மேன், அதாவது தூரத்திலிருந்து சுடும் வீரர். மாறலாமா? வீட்டில் இருப்பது பழைய லேப்டாப். மழைக்காலத்தில் நெட்டும் நிலையாக இருக்காது."

தம்பி, முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மார்க்ஸ்மேன் மட்டுமே ஆடப்போகிறீர்கள் என்றால் கீபோர்டுக்கு மாறுவது உங்களுக்கு நன்மை தரும். ஆனால் மாறுவதற்கு முன்பு உங்கள் லேப்டாப்பின் கீபோர்டு அதற்குத் தாங்குமா என்று சோதித்தாக வேண்டும். ஜங்கிள் (வரைபடத்தின் காட்டுப் பகுதியில் சுற்றித் திரியும் பொறுப்பு) போன்ற வேறு இடங்களிலும் ஆடுவீர்கள், லீக்கைப் போன்ற விளையாட்டான டோட்டாவும் சேர்த்து ஆடுவீர்கள் என்றால் மவுஸிலேயே இருங்கள். குன்னூரில் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பதாலும், கடையின் பின்னறையில் லேன் போட்டு மாணவர்கள் ஆடுவதைத் தொடர்ந்து பார்த்து வருவதாலும், இந்தக் கேள்வியைப் பலரும் தவறான முனையிலிருந்து தொடங்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எது வேகமானது, எது துல்லியமானது என்று கேட்கிறார்கள். சண்டை நடக்கும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் மவுஸைப் பிடித்திருக்கும் கைக்கு எத்தனை வேலைகள் இருக்கின்றன என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். குறிபார்ப்பதும் நகர்வதும் ஒரே நேரத்தில் வெவ்வேறு திசைகளில் நடக்க வேண்டிய விளையாட்டில் அவ்விரண்டையும் ஒரே கையில் வைத்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். அப்படி நடக்கத் தேவையில்லாத விளையாட்டில், நகர்வைக் கீபோர்டுக்குக் கொண்டுபோவதால் இடது கையின் விரல்களை வீணாகக் கட்டிப்போடுவதே மிஞ்சும்.

துப்பாக்கி விளையாட்டுகளில் இந்த வழக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. 1993இல் டூம் வந்தபோது பெரும்பாலோர் அம்புக்குறி விசைகளால்தான் நடந்தார்கள், திரும்பியதும் அவற்றால்தான். 1996இல் குவேக் வந்தபோது எதிரிகள் மேலேயும் கீழேயும் உண்மையாகவே இருந்தார்கள். பார்வையை எல்லாப் பக்கமும் விரைவாகத் திருப்ப மவுஸ் வேண்டியதாயிற்று. பார்வை மவுஸுக்குப் போனதும் நடையை இடது கை முழுவதுமாக எடுத்துக்கொண்டது. த்ரெஷ் என்ற பெயரில் ஆடிய டென்னிஸ் ஃபாங், 1997இல் ரெட் அனிஹிலேஷன் என்ற குவேக் போட்டியில் வென்று, அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக்கின் ஃபெராரி 328 காரையே பரிசாகப் பெற்றார். டபிள்யூ-ஏ-எஸ்-டி முறை உலகம் முழுவதும் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1998இல் வந்த ஹாஃப்-லைஃப் அதையே இயல்பு அமைப்பாக வைத்தது. உங்கள் அணியினர் கீபோர்டைப் பரிந்துரைப்பதில் வியப்பில்லை. அவர்கள் ஆடும் விளையாட்டில் வேறு வழியே கிடையாது. கவுண்டர்-ஸ்ட்ரைக்கிலும் வேலரண்டிலும் நகர்ந்துகொண்டே சுட்டால் குண்டு சிதறும். அதனால் வலப்பக்கம் போய்க்கொண்டிருப்பவர் ‘ஏ’ விசையை ஒரு கணம் எதிராக அழுத்தி, உடனே நின்று சுடுகிறார். விரல் நுனியில் நடக்கும் அந்த நிறுத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஒரு சான்று: எதிரெதிர் விசைகள் இரண்டையும் அழுத்தினால் கடைசியாக அழுத்தியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் வசதியை ரேசர் நிறுவனம் 2024இல் ஸ்னாப் டேப் என்ற பெயரில் கொண்டுவந்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் தன் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 விளையாட்டின் அதிகாரபூர்வ சர்வர்களில் அத்தகைய தானியங்கி உதவிகளைத் தடை செய்தது.

மேலிருந்து பார்க்கும் விளையாட்டுகளின் வரலாறு வேறு. ஸ்டார்கிராஃப்ட், வார்கிராஃப்ட் 3 போன்றவற்றில் நீங்கள் ஒரு ஆள் இல்லை, ஒரு படையின் தளபதி. டோட்டா பிறந்தது வார்கிராஃப்ட் 3இன் ஒரு வரைபடமாகத்தான்; 2009இல் வெளிவந்த லீக் அந்த மரபிலேயே வந்தது. தளபதி தன் படைக்கு இடத்தைச் சுட்டுகிறார், படை தானே வழி கண்டுபிடித்துப் போகிறது. பெட்ஃபோர்டில் இறக்கிவிடுங்கள் என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு நாம் போனில் பேசிக்கொண்டு வருவது போன்றது அது; கீபோர்டு நகர்வு என்பது ஹேண்டில்பாரை நாமே பிடித்துக்கொள்வது. ஒரு கிளிக் இரண்டு மூன்று விநாடிகளுக்கான நடையைச் சுமந்து செல்கிறது. அதற்குள் நீங்கள் திரையின் மூலையில் இருக்கும் சிறு வரைபடமான மினிமேப்பைப் பார்க்கலாம், கேமராவை வேறு பக்கம் கொண்டுபோய் டிராகன் இருக்கும் இடத்தைக் கவனிக்கலாம், கடையைத் திறந்து பொருள் வாங்கலாம். சுவரைச் சுற்றிப் போவதையும் விளையாட்டே பார்த்துக்கொள்ளும். கீபோர்டில் இவை எதுவும் கிடையாது. நடக்க வேண்டிய நேரமெல்லாம் விரல் விசையின் மேல் இருந்தாக வேண்டும், சுவர் வந்தால் நீங்களேதான் திருப்ப வேண்டும். டோட்டாவில் மீப்போ போல ஒன்றுக்கு மேற்பட்ட உருவங்களைத் தனித்தனியாக வெவ்வேறு இடங்களுக்கு அனுப்ப வேண்டிய ஹீரோக்களை நான்கு விசைகளால் ஆளவே முடியாது. டோட்டாவும் ஆடுவதாக இருந்தால் மாறாதீர்கள் என்று நான் சொன்னது இதனால்தான்: ஒரே திரைக்காட்சி, ஒரே வகைச் சண்டை, ஆனால் கைகள் இரண்டு வெவ்வேறு மொழிகளைப் பேச வேண்டியிருக்கும், அவசரத்தில் ஒன்று மற்றொன்றில் கலந்துவிடும்.

அப்படியானால் மார்க்ஸ்மேனுக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு? அவருடைய வேலையைச் சற்று மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரியும். எதிரி உங்களை நோக்கி வருகிறார். நீங்கள் பின்னால் நகர்ந்துகொண்டே அவரைச் சுட வேண்டும். இதைத்தான் கைட்டிங் என்கிறோம். கிளிக் முறையில் கர்சர் எதிரியின் மேல் போய் ஒரு கிளிக், உடனே திரும்பி உங்களுக்குப் பின்னால் தரையில் ஒரு கிளிக், மறுபடியும் எதிரியின் மேல், மறுபடியும் பின்னால். ஒவ்வொரு தாக்குதலுக்கும் கர்சர் திரையில் முன்னும் பின்னும் ஓடுகிறது. தாக்கும் வேகம் விநாடிக்கு இரண்டை நெருங்கும்போது விநாடிக்கு நான்கு கிளிக், நான்கும் சரியான இடத்தில் விழ வேண்டும். அவற்றில் ஒரு கிளிக் அரை அங்குலம் தவறினாலும் எதிரியைத் தாக்குவதற்குப் பதிலாக அவருடைய காலடியை நோக்கி நடந்து போய்விடுவீர்கள். சுட்டிய இடத்தை நோக்கி நடந்துகொண்டே வழியில் உள்ள எதிரியைத் தானே தாக்க வைக்கும் அட்டாக் மூவ் கட்டளை இந்தத் தவறைக் குறைக்கிறதே தவிர நீக்குவதில்லை, ஏனென்றால் கூட்டத்தில் யாரை அது தேர்ந்தெடுக்கும் என்பது முழுவதுமாக உங்கள் கையில் இல்லை. கீபோர்டு முறையில் கர்சர் எதிரியின் மேலேயே நின்றுகொண்டிருக்கிறது. இடது கை பின்னால் இழுக்கிறது. கர்சரின் அந்த ஓட்டம் மொத்தமாக இல்லாமல் போகிறது. ஸ்டன்லாக் ஸ்டுடியோஸ் 2011இல் ப்ளட்லைன் சாம்பியன்ஸையும் 2017இல் பேட்டில்ரைட்டையும் வெளியிட்டபோது, மேலிருந்து பார்க்கும் விளையாட்டாக இருந்தும் நகர்வை டபிள்யூ-ஏ-எஸ்-டியில்தான் வைத்தது. அவற்றில் ஏறக்குறைய ஒவ்வொரு தாக்குதலையும் கையால் குறிபார்த்துத்தான் விட வேண்டும் என்பதே காரணம். லீக்கை உருவாக்கிய ரயட் நிறுவனம் அதில் இதே முறையை 2025இல் அறிவித்துச் சோதனைக்கு விட்டபோது, அதிகம் பயன்பெறப்போவது மார்க்ஸ்மேன் ஆடுபவர்கள்தான் என்று நான் நினைத்தேன். இன்றும் அதே கருத்துதான்.

இனி இழப்பைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நண்பர்கள் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலாவது, திசை. நான்கு விசைகளால் எட்டுத் திசைகள்தான் கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் இடையே 45 பாகை. துப்பாக்கி விளையாட்டில் இது குறையாகவே தெரியாது, ஏனென்றால் அங்கே மவுஸால் உடலையே திருப்பலாம். முன்னே என்பது நீங்கள் பார்க்கும் திசை, ஆகவே எந்தப் பாகையும் உங்களுடையது. லீக்கில் கேமரா திரும்பாது. எட்டுத் திசை என்றால் எட்டுத் திசைதான். உங்களை நோக்கி வரும் ஒரு திறனிலிருந்து, அதாவது எதிரி ஏவும் சிறப்புத் தாக்குதலிலிருந்து, மயிரிழையில் ஒதுங்குவதற்கு 20 பாகை சாய்ந்து ஓடுவது போதும் என்ற இடத்தில், கிளிக் ஆட்டக்காரர் அப்படியே போய்விடுவார். நீங்கள் இரண்டு விசைகளை மாற்றி மாற்றித் தட்டி ஒரு படிக்கட்டுப் பாதையில் போவீர்கள். ஜங்கிளின் சுவர்கள் எட்டுத் திசைக்கு ஒத்துவரும் வகையில் கட்டப்படவும் இல்லை. ஜங்கிள் ஆடுபவர்களுக்கு நான் மவுஸைப் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களுடைய நேரத்தில் பெரும்பகுதி நடையிலும் மினிமேப்பிலும் கழிகிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இரண்டாவது, விரல்கள். இதைப் பலரும் ஆடத் தொடங்கிய பிறகுதான் உணர்கிறார்கள். கிளிக் முறையில் இடது கையின் நான்கு விரல்களும் க்யூ, டபிள்யூ, ஈ, ஆர் என்ற நான்கு திறன்களின் மேல் ஓய்வாக அமர்ந்திருக்கின்றன. கீபோர்டு முறையில் மோதிர விரல் ஏ-யிலும், நடுவிரல் டபிள்யூவுக்கும் எஸ்-க்கும் இடையிலும், ஆள்காட்டி விரல் டி-யிலும் இருக்கும். டபிள்யூவில் இருந்த திறனுக்கு வேறு இடம் தேட வேண்டும். அதுகூடப் பெரிதில்லை. க்யூ விசையை எந்த விரலால் அழுத்துவீர்கள்? மோதிர விரலால். அந்த விரல்தான் இடப்பக்கம் போக ஏ-யையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே இடப்பக்கம் ஓடிக்கொண்டே க்யூ போட முடியாமல், நடை ஒரு கணம் அறுபடும். எங்கள் கடையில் ஆட வரும் மாணவி ஒருவர், வலப்பக்கம் பின்வாங்கும்போது அழகாகவும் இடப்பக்கம் பின்வாங்கும்போது தயங்கித் தயங்கியும் ஆடுவதைப் பார்த்து, அவருடைய கண்ணில் குறை இருக்குமோ என்று உடன் ஆடியவர்கள் பேசிக்கொண்டார்கள். அவருடைய இடது கையை மட்டும் பார்த்தபோது காரணம் தெரிந்தது: மோதிர விரல் ஏ-யை விட்டு க்யூவுக்கு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஹீரோ நின்றார். முதல் திறனை மவுஸின் பக்கவாட்டுப் பொத்தானுக்கு மாற்றியதும் அந்தத் தயக்கம் போய்விட்டது. ஆகவே, மாறுவது என்று முடிவெடுத்தால் பக்கவாட்டில் இரண்டு பொத்தான்களாவது உள்ள மவுஸ் வேண்டும். அடிக்கடி பயன்படும் திறன்களை அவற்றிலும், கட்டைவிரலுக்கு எட்டும் ஸ்பேஸ் விசையிலும் வைத்துவிட்டு, அரிதாகப் பயன்படுபவற்றை மட்டும் க்யூ, ஈ, ஆர் விசைகளில் விடுங்கள்.

மூன்றாவது, நெட். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மரம் விழுவதும், மண் சரிவதும், கூடவே மின்சாரமும் கேபிளும் போவதும் நமக்குப் புதிதல்ல. முழுவதுமாகப் போய்விட்டால் ஆட்டமே இல்லை, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. தொல்லை தருவது, போகாமல் தடுமாறும் நெட்தான். துப்பாக்கி விளையாட்டுகள் இதைச் சமாளிக்க வழி கண்டிருக்கின்றன: 1996இல் வந்த குவேக்வேர்ல்டு தொடங்கி, விசையை அழுத்தியவுடன் உங்கள் கணினியே உங்களை நகர்த்திக் காட்டிவிடும், சர்வர் பிறகு சரிபார்த்துத் திருத்தும். லீக், டோட்டா போன்றவற்றில் உங்கள் கட்டளை சர்வருக்குப் போய்த் திரும்பிய பிறகே ஹீரோ அசைகிறார். கிளிக் முறையில் இந்தத் தாமதம் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு முறைதான் உறைக்கும். நடுவில் நெட் சற்றுத் தடுமாறினாலும் ஹீரோ நீங்கள் சுட்டிய இடத்துக்குத் தானே போய்ச் சேர்வார், அங்கே நின்றும் விடுவார். கீபோர்டில், விசையை அழுத்தியது, மாற்றியது, விட்டது என ஒவ்வொன்றும் சர்வருக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி. விசையை விட்ட செய்தி தாமதித்தால் அவ்வளவு நேரமும் ஹீரோ நடந்துகொண்டே இருப்பார். ஒரு மார்க்ஸ்மேனின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 330 அலகு (விளையாட்டுக்குள் தூரத்தை அளக்கும் அளவு) என்று கொண்டால், தாமதம் 100 மில்லிசெகண்டாக இருக்கும்போது 33 அலகு கூடுதலாக நடப்பார். அதைக் கை பழகிக்கொள்ளும். மழை நாளில் தாமதம் திடீரென்று 300 மில்லிசெகண்டுக்குத் தாவினால் ஏறக்குறைய 100 அலகு. தாக்கும் தூரம் 550 அலகு உள்ள ஒருவருக்கு அது, எதிரி தொட முடியாத இடத்தில் நிற்பதற்கும் எதிரியின் கைக்குள் போய் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். தாமதம் சீராக 100 மில்லிசெகண்ட் இருப்பது, 50க்கும் 300க்கும் இடையில் குதிப்பதைவிட எவ்வளவோ மேல். ஆகவே வைஃபையை விட்டுவிட்டு மோடத்திலிருந்து லேப்டாப்புக்கு நேராகக் கேபிள் இழுத்துவிடுங்கள். குதிப்பு வீட்டுக்கு வெளியிலிருந்து வருகிறதென்றால், மழைக்காலப் போட்டிகளை மட்டும் கிளிக் முறையில் ஆடலாமா என்று யோசிக்காதீர்கள். பருவத்துக்கு ஒரு கையாக ஆடினால் இரண்டும் முழுமையாக வராது. அந்த மாதங்களில் தரவரிசைக்குக் கணக்கிடப்படும் ரேங்க் ஆட்டங்களைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

இப்போது கீபோர்டுச் சோதனை. மலிவான கீபோர்டுகளிலும் பல லேப்டாப்களிலும் விசைகள் வரிசையும் பத்தியுமாக ஒரே வலைப்பின்னலில் இணைக்கப்பட்டிருக்கும். சில மூன்று விசைச் சேர்க்கைகளை அந்த வலைப்பின்னலால் பிரித்தறிய முடியாது, ஆகவே மூன்றாவது விசையை அது விழுங்கிவிடும். கிளிக் முறையில் ஒரு நேரத்தில் ஒரு விசைதான் என்பதால் இந்தக் குறை வருடக்கணக்காக வெளியே தெரியாமல் இருந்திருக்கும். நோட்பேடைத் திறந்து, டபிள்யூவையும் ஏ-யையும் ஒன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு க்யூ, ஈ, ஆர், எஃப், ஸ்பேஸ் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். தட்டிய எழுத்து திரையில் வருகிறதா என்று கவனியுங்கள். பிறகு டபிள்யூவும் டி-யும், எஸ்-ஸும் ஏ-யும், எஸ்-ஸும் டி-யும் என்று நான்கு மூலைகளுக்கும் அதையே செய்யுங்கள். பின்வாங்குவதற்கான கடைசி இரண்டுதான் உங்களுக்கு மிக முக்கியம். எந்த எழுத்தாவது வரவில்லையென்றால் அந்த விசையில் திறன் எதையும் வைக்காதீர்கள். இரண்டு மூன்று எழுத்துகள் வரவில்லையென்றால் வெளிக் கீபோர்டு ஒன்று வாங்காமல் மாறுவதில் பயனில்லை. விலை உயர்ந்தது தேவையில்லை. ஆறு விசைகளையாவது ஒருசேர அறியும் என்று பெட்டியில் எழுதியிருந்தால் போதும், கடையிலேயே இதே சோதனையைச் செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மவுஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்டோஸில் மவுஸின் வேகத்துக்கேற்பக் கர்சரின் தூரத்தை மாற்றும் அமைப்பு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கைக்கு அளவு பிடிபடாது. ஈரப்பதம் மிகுந்த மாதங்களில் துணிப் பேட் ஈரத்தை இழுத்துக் கனத்துவிடுகிறது. காலையில் வழுக்கிய மவுஸ் மாலையில் இழுபடும். இரவில் அந்தப் பேடைச் சன்னலோரம் விடாதீர்கள். குளிர் இன்னொரு விஷயம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் விரைத்த விரல்கள் முதலில் இழப்பது வேகமான, தனித்தனியான அசைவுகளைத்தான். கீபோர்டு நகர்வு நம்பியிருப்பதும் அவற்றைத்தான். மணிக்கட்டால் ஆடும் கிளிக் ஆட்டக்காரரைவிட உங்களுக்கு இது கூடுதலாக உறைக்கும். விரல் நுனி திறந்த கம்பளிக் கையுறையும், ஆட்டத்துக்கு முன் வெந்நீரில் கையை நனைத்துத் துடைப்பதும் உண்மையிலேயே உதவுகின்றன.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், உங்கள் நண்பர்களில் யாராவது வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுவதாக இருந்தால் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். 2004இலிருந்து அதில் ஏ-யும் டி-யும் இயல்பாக உடலைத் திருப்பும் விசைகளாக இருந்து வந்திருக்கின்றன. அந்தத் திருப்பம் விநாடிக்கு 180 பாகை என்ற நிலையான வேகத்தில்தான் நடக்கும். முதுகுக்குப் பின்னால் வந்தவரைப் பார்க்க முழு ஒரு விநாடி. வலது பொத்தானைப் பிடித்து மவுஸை ஒரு சுண்டு சுண்டினால் அதே திருப்பம் கண்ணிமைப்பதற்குள் முடியும். எஸ் விசையால் பின்னால் நடந்தால் வேகம் விநாடிக்கு 7 கஜத்திலிருந்து 4.5 கஜமாகக் குறையும். திருப்பத்தை மவுஸுக்குக் கொடுத்து, ஏ-யையும் டி-யையும் பக்கவாட்டு நடைக்கு மாற்றி, எஸ்-ஸை ஏறக்குறைய மறந்துவிடுவதுதான் அங்கே சரி. வீரர்களுக்கிடையிலான சண்டையில் இதைப் பற்றி இரு கருத்துக்கு இடமே இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாறும் காலத்தில் பழைய முறையை அவசரத்துக்கு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பயிற்சிக் களத்தில் நகராத பொம்மையைச் சுற்றிக் கைட்டிங் செய்வதில் தொடங்குங்கள். முதலில் இடப்பக்கமாக மட்டும், பிறகு கீழ்ப்பக்கமாக மட்டும். எந்தத் திசையில் நடை அறுபடுகிறதோ அந்தத் திசைக்கான விசையில் இருக்கும் விரலுக்கு வேறொரு வேலை இருக்கிறது என்று பொருள். அந்த வேலையை இடம் மாற்றுங்கள். விசை அமைப்பு முழுவதும் நிலைத்த பிறகே சாதாரண ஆட்டங்களுக்குப் போங்கள், அங்கே தடுமாற்றம் குறைந்த பிறகு ரேங்க். போட்டி நெருங்கிக்கொண்டிருந்தால் இப்போது தொடங்கவே வேண்டாம், அது முடிந்த மறுநாள் தொடங்குங்கள். வலது மணிக்கட்டில் ஏற்கெனவே வலி இருந்தால் மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது: விநாடிக்கு நான்கு கிளிக் என்ற சுமையை அந்தக் கையிலிருந்து இன்றே குறைத்துவிடுங்கள், வலி தொடர்ந்தால் போட்டிக்கு முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள்.